தண்ணீர் வந்தாலும் நிற்கும் வீடு



நெகிரி செம்பிலானில் 2006 டிசம்பரிலும் 2021 டிசம்பரிலும் வந்த வெள்ளத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். பள்ளத்தில் உள்ள லயங்களில் மழைக்கு முன் என்ன செய்துகொள்ளலாம் என்று இன்று பார்ப்போம்.

இம்மாநிலத்துப் பழைய மலாய்க் கம்பத்து வீடுகள் தூண்கள்மேல் நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அந்தக் காலத்துப் பலகை லயங்கள் பலவும் அப்படித்தான் இருந்தன. கீழே விறகும் ஆடும் பிள்ளைகள் விளையாட்டும். சிமெண்டுத் தரை வந்த பிறகு வசதி கூடியது, வெள்ளத்துக்கும் வழி சுலபமாகிவிட்டது.

தரையை உயர்த்துவது பெருஞ்செலவு. ஆகவே மணல் மூட்டைகளை அடுக்கித் தண்ணீரை வெளியே நிறுத்தப் பார்க்கிறோம். சுவர் உறுதியாக இருந்தால் இரண்டடி வரை சரி. அதற்கு மேல் ஆபத்து. பத்தடி நீளச் சுவருக்கு வெளியே மூன்றடித் தண்ணீர் நிற்க, உள்ளே ஒன்றும் இல்லாதபோது, அச்சுவரை ஏறத்தாழ 1,270 கிலோ பாரம் அழுத்துகிறது. ஓரடி ஆழம் இரண்டடியானால் அழுத்தம் நான்கு மடங்காகும். ஒற்றைச் செங்கல் சுவர் சாய்ந்துவிடலாம். எனவே தண்ணீர் ஏறும் என்று தெரிந்தவுடனே மெயின் சுவிட்சை அடைத்து, மூட்டைகளை விலக்கிவிட்டு, பிள்ளைகளோடு மேட்டுக்குப் போய்விட வேண்டும். தண்ணீர் உள்ளேயும் வந்தால் சுவர் பிழைக்கும்.

வந்த தண்ணீர் கெடுக்காதபடி வீட்டை அமைப்பது நம் கையில் இருக்கிறது. சென்ற வெள்ளம் ஏறிய மட்டத்துக்குச் சுவரில் சாயத்தால் ஒரு கோடு போடுவோம். மின்சார பிளக்குகள் அதற்கு மேலே போகட்டும். இது உரிமம் பெற்ற வயர்மேன் செய்யவேண்டிய வேலை, அண்டை வீட்டுத் தம்பியின் கைவேலை அல்ல. மரத்தூளை அழுத்திச் செய்த அலமாரி ஒருமுறை நனைந்தால் உப்பிப் போகும். குசினியில் சிமெண்டு மேடை கட்டி டைல்ஸ் பதித்தால், நன்றாகக் கழுவிவிட்டு மறுபடி உலை வைக்கலாம். பிறப்புப் பத்திரமும் பள்ளிச் சான்றிதழும் கோட்டுக்கு மேலே இருக்கட்டும். வெள்ளம் வடிந்ததும் சாயம் அடிக்க அவசரப்படக்கூடாது. செங்கல் குடித்த நீர் காய வாரக்கணக்கில் ஆகும்.

“லயம் நம் சொந்த வீடா?” என்று கேட்பீர்கள். அல்லதான். ஆனால் தொழிலாளருக்குக் கொடுத்த வீட்டைப் பழுதின்றி வைத்திருப்பது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டு வீட்டு வசதிச் சட்டம் சொல்கிறது. பிளக்கை உயர்த்தவும் வடிகாலைத் தோண்டவும் ஆபீசில் எழுதிக் கொடுப்போம். ஒரு வீட்டுக்காரர் மட்டும் போகாமல் லயமே கையெழுத்திட வேண்டும். நகலில் கிராணியாரிடம் தேதியோடு ஒப்பம் வாங்கி, அதையும் கோட்டுக்கு மேலேயே வைப்போம்.