சட்டவிரோதப் பட்டாசு: புரட்டாசியில் தூங்கி, தீபாவளி ராத்திரி முழிக்கும் அரசு இயந்திரம்

(தீபாவளியை ஒட்டி நடந்த நம் வார்டு கூட்டத்தில் தகவல் தொழில்நுட்ப அணித் தன்னார்வலர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். முழுவதும் படியுங்கள், உங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் பகிருங்கள்.)



எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருக்காங்க. தலைப்பு பட்டாசுன்னு சொன்னதும் சில பேர் மனசுல என்ன ஓடும்னு தெரியும். "வந்துட்டான்யா, நம்ம பண்டிகைக்கு மட்டும் அட்வைஸ் பண்ண." இல்லைங்க. வெடிக்காதீங்கன்னு சொல்ல நான் வரல. சிவகாசி வட்டாரத்துல லட்சக்கணக்கான குடும்பங்கள் இந்தத் தொழிலை நம்பி சோறு சாப்பிடுது. நாட்டுல வெடிக்கிற பட்டாசில் பெரும்பங்கு அங்கேதான் தயாராகுது. அந்தக் கைகள் மேல எனக்கு மரியாதை உண்டு.

நான் சொல்ல வந்தது ஒரே விஷயம். சட்டவிரோதப் பட்டாசு ஒரு இடத்துல ஆரம்பிக்குது. அரசு இயந்திரம் வேற ஒரு இடத்துல போய் நிக்குது. நடுவுல மாட்டிக்கிறது நம்ம தெரு.

சட்டம் என்ன சொல்லுது?

2018 அக்டோபர் 23-ம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்தது. தீபாவளி அன்னைக்கு ராத்திரி 8 முதல் 10 வரை மட்டும் வெடிக்கலாம்னு சொன்னாங்க. நமக்குத் தீபாவளின்னா விடியக்காலை எண்ணெய்க் குளியல், புதுத்துணி, அப்புறம் முதல் வெடி. அதனால தமிழ்நாடு அரசு மறுபடி கோர்ட்டுக்குப் போச்சு. நேரத்தை நீங்க மாத்திக்கலாம், மொத்தம் ரெண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாதுன்னு பதில் வந்தது. காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 அப்படிங்கிற நம்ம ஊர் நேரம் இப்படித்தான் வந்தது.

இது வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். டிவியில் வருது, ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்றாங்க. ஆனா அதே தீர்ப்பில் இருக்கிற மற்ற விஷயங்களை யாரும் மைக் கட்டிச் சொல்றதில்லை. சொல்றேன், கேளுங்க.

ஒன்று: சரவெடிக்குத் தடை. ஆயிரம் வாலா, பத்தாயிரம் வாலா எல்லாம் இதுக்குள்ள வரும்.

இரண்டு: பேரியம் உப்பு கலந்த பட்டாசுக்குத் தடை.

மூன்று: உரிமம் பெற்ற வியாபாரி மட்டும்தான் விற்கணும். ஆன்லைன் வணிகத் தளங்களில் விற்கக் கூடாது.

நான்கு: எல்லாரும் ஒரே இடத்துல கூடி வெடிக்கிற மாதிரி பொது இடங்களை ஒதுக்க முடியுமான்னு மாநில அரசுகள் முயற்சி செய்து பார்க்கணும்.

ஐந்து, இதுதான் முக்கியம்: விதிமீறல் நடந்தா அந்தப் பகுதி காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிதான் நேரடியாகப் பொறுப்பு. அது நீதிமன்ற அவமதிப்பு ஆகும்.

இதுக்கும் முன்னாடி, 2005-லேயே ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை வெடிச் சத்தம் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிட்டது. மருத்துவமனை, பள்ளிக்கூடம், நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். ஆக, சட்டத்துக்குப் பஞ்சமே இல்லை.

நடப்பது என்ன?

2018 தீபாவளிக்குத் தமிழ்நாடு முழுக்க 2,000-க்கும் மேல வழக்கு போட்டாங்க. அதுக்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் தீபாவளிக்கு மறுநாள் இத்தனை பேர் மீது வழக்குன்னு ஒரு எண்ணிக்கை செய்தியில் வரும். பார்த்தா அரசு கடுமையா நடவடிக்கை எடுத்த மாதிரி இருக்கும்.

அந்த எண்ணிக்கைக்குள்ள யார் இருக்காங்க? தெருமுனையில் வெடி வெச்ச பத்தொன்பது வயசுப் பையன். குழந்தைக்கு மத்தாப்பு கொளுத்திக் கொடுத்த அப்பா. அரசு ஊழியர் உத்தரவை மீறியதா வழக்கு. பழைய இ.பி.கோ. 188, இப்போ பாரதிய நியாய சன்ஹிதா 223. ஆறு மாசம் வரை சிறை அல்லது 2,500 ரூபாய் வரை அபராதம். மனித உயிருக்கு ஆபத்து இருந்தா ஒரு வருஷம், 5,000 ரூபாய் வரை போகும். பெரும்பாலும் ஸ்டேஷன் ஜாமீன், அபராதத்தோட முடிஞ்சிடும்னு சொல்வாங்க. ஆனா அந்தப் பையன் நாளைக்கு போலீஸ் வேலைக்கு விண்ணப்பம் போட்டா, பாஸ்போர்ட்டுக்குப் போனா, முதல் கேள்வியே "உங்க மேல வழக்கு இருக்கா?"ன்னுதான் வரும். ஒரு அணுகுண்டு வெடிச்சதுக்கு அவன் எவ்வளவு விலை கொடுக்கிறான் பாருங்க.

சரி, அந்தப் பையனுக்குத் தடை செய்யப்பட்ட சரவெடியை விற்றது யாரு? எந்த குடோன்ல இருந்து வந்தது? உரிமம் யார் கொடுத்தது, கடையை யார் பார்வையிட்டது? இந்த எண்ணிக்கை எந்த வருஷச் செய்தியிலாவது இதே அளவு பெரிய எழுத்துல வந்திருக்கா?

புகார் கொடுக்கிறவங்க நிலைமையையும் சொல்றேன். பதினொரு மணிக்குக் கைக்குழந்தை வீறிட்டு அழுது. பெரியவருக்கு மூச்சு வாங்குது. 112-க்கு போன் போடுறோம். ரோந்து வண்டி வருது. ஹெட்லைட்டைப் பார்த்ததும் எல்லாரும் கேட்டுக்குள்ள ஓடிடறாங்க. வண்டி போனதும் திரும்ப ஆரம்பம். மறுநாள் காலையில தெருவுல பேச்சு: "நேத்து போலீஸைக் கூப்பிட்டது அந்த வீடுதானாம்." பத்து வருஷமா ஒண்ணா இருந்த வீடுகள் அன்னையோட பேசாம போயிடுது. சட்டத்தை அமல்படுத்த வேண்டிய வேலையை அரசு நம்ம தலையில் கட்டிட்டு, பக்கத்து வீட்டுப் பகையையும் கூடவே கொடுத்துட்டுப் போகுது.

கொஞ்சம் இன்ஜினியரிங் பேசலாமா?

நாலு வருஷம் படிச்சதுக்கு இதுக்காவது உதவட்டும். ஒரு பட்டாசு எவ்வளவு சத்தம் போடலாம்னு 1999-ல மத்திய அரசு வரையறுத்தது. வெடிக்கிற இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்துல 125 டெசிபல். இதை எங்கே வெச்சு அளக்கணும்னும் அதிலேயே இருக்கு. கான்கிரீட் தரை, திறந்த வெளி, சுற்றி 15 மீட்டருக்குள் சத்தத்தைத் திருப்பி அனுப்புற சுவரோ கட்டடமோ இருக்கக் கூடாது.

இப்போ நம்ம தெருவைப் பாருங்க. அகலம் இருபது அடி. நடுவுல வெடி வெச்சா இரண்டு பக்கமும் வாசல் பத்தே அடி. 4 மீட்டர்னா 13 அடி. அதாவது நம்ம வீட்டு வாசல், சோதனைக் கருவி இருக்க வேண்டிய தூரத்தை விடப் பக்கத்துல இருக்கு. திறந்த வெளியிலேயே தூரம் பாதியானா 6 டெசிபல் ஏறும். இங்கே சுவர்ல பட்டு எதிரொலி வேற. 10 டெசிபல் கூடினா ஒலியின் வலிமை 10 மடங்குன்னு அர்த்தம். சட்டப்படி பாஸான பட்டாசே நம்ம சந்துக்குள்ள வந்தா ஃபெயில்தான். நீதிமன்றம் பொது இடத்தைப் பற்றிப் பேசினது எவ்வளவு நியாயம்னு இதுல புரியும். ஆனா நம்ம வார்டுல மாநகராட்சி மைதானம் தீபாவளி அன்னைக்குப் பூட்டுப் போட்டுத்தானே கிடக்குது?

ஆபத்து எப்போ ஆரம்பிக்குது?

தீபாவளிக்கு ஒரு மாசம் முன்னாடி. தற்காலிகப் பட்டாசுக் கடைக்கு வெடிபொருள் விதிகள் 2008 தெளிவா சொல்லுது. எளிதில் தீப்பிடிக்காத பொருளால் கட்டின கொட்டகை, கடைக்குக் கடை 3 மீட்டர் இடைவெளி, ஒன்றுக்கொன்று எதிரெதிரே இருக்கக் கூடாது. நம்ம ஊர்ல என்ன நடக்குது? மளிகைக் கடை வாசல்ல டேபிள் போட்டு விற்பனை. தீபாவளிச் சீட்டு பிடிக்கிற வீட்டு ஹால்ல கூரை வரைக்கும் அட்டைப்பெட்டி, பக்கத்து ரூம்ல கேஸ் அடுப்பு. வாட்ஸ்அப்ல விலைப்பட்டியல்.

இதோட விலை என்னன்னு நமக்குத் தெரியும். 2021 அக்டோபர் 26, கள்ளக்குறிச்சி மாவட்டம் சங்கராபுரம். கடைத்தெருவில் இருந்த பட்டாசுக் கடை தீப்பிடிச்சுப் பல உயிர் போச்சு. அதே வருஷம் நவம்பர் 4, தீபாவளி நாள். புதுச்சேரி எல்லையில் கோட்டக்குப்பம் பக்கம் ஸ்கூட்டரில் நாட்டு வெடி கொண்டு போன அப்பாவும் அவரோட ஏழு வயசு மகனும் நடுரோட்டில் பலியானாங்க. 2023 அக்டோபர் 7, கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி. பட்டாசுக் கடைத் தீயில் இறந்ததில் பலர், தீபாவளி சீசன் வேலைக்குப் போன நம்ம தமிழ்நாட்டுப் பசங்க. ரெண்டு காசு சேர்த்து வீட்டுக்குத் துணி எடுக்கலாம்னு போனவங்க.

இதுல எதுவுமே இரவு 8 மணிக்கு மேல வெடிச்சதால நடந்தது கிடையாது. விற்கிற இடத்துல, வைக்கிற இடத்துல, கொண்டு போற வழியில நடந்தது. கடிகாரத்தைப் பார்க்கிற அரசு, குடோனைப் பார்க்கணும்.

நாம் கேட்பது என்ன?

தீபாவளிக்கு 30 நாள் முன்னாடியே ஒவ்வொரு காவல் நிலைய எல்லையிலும் உரிமம் பெற்ற கடைகளின் பட்டியலைப் பொதுமக்கள் பார்வைக்கு ஒட்டணும். பட்டியலில் இல்லாத கடையை, தெருவுல நிக்கிற பையனைப் பிடிக்கிறதுக்கு முன்னாடி மூடணும்.

வார்டுக்கு ஒரு மைதானம் திறக்கணும். தண்ணீர் லாரி, மணல் வாளி, முதலுதவி ஆள் அங்கே இருக்கணும்.

மாசு கட்டுப்பாட்டு வாரியம் பெசன்ட் நகர், தி.நகர், நுங்கம்பாக்கம், திருவல்லிக்கேணி, சவுகார்பேட்டைன்னு அளந்து வெளியிடுது. நல்ல விஷயம். அந்தக் கருவி எங்கள மாதிரி நெருக்கமான சந்துகளுக்கும் ஒரு தடவை வரட்டும்.

புகார் சொன்னவர் யாருன்னு தெருவுக்குத் தெரியாம பார்த்துக்கணும்.

நாம் செய்யப்போவது என்ன?

கேட்டுட்டு சும்மா இருக்கப் போறதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல பத்து ரூபாய் கட்டணத்துல மூணு கேள்வி கேட்கப் போறோம். நம்ம காவல் நிலைய எல்லையில் எத்தனை கடைக்கு உரிமம்? எத்தனை கடையில் முன்கூட்டியே ஆய்வு? கடந்த தீபாவளி வழக்குகளில் வெடித்தவர் எத்தனை பேர், விற்றவர் எத்தனை பேர்? 30 நாளில் பதில் தரணும். வர்ற பதிலை அப்படியே இந்தப் பக்கத்துல போடுவோம்.

இன்னொண்ணு. தலைவர் வரும்போது வெடிக்கிற பத்தாயிரம் வாலாவுக்கும் இதே தடைதான். எந்தக் கொடி கட்டியிருந்தாலும் சட்டம் ஒண்ணுதான். நம்ம வார்டு நிகழ்ச்சி எதிலும் சரவெடி கிடையாதுன்னு இந்த மேடையிலேயே தீர்மானம் போடச் சொல்லிக் கேட்டுக்கறேன். பறை இருக்கு, தவில் இருக்கு. அந்தச் சத்தம் போதும்.

சட்டம் போட்டாத்தான் ஜனங்க கேட்பாங்கன்னு நினைக்காதீங்க. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் பக்கத்துல கொள்ளுக்குடிப்பட்டின்னு ஒரு ஊர். அங்கே கண்மாய்க்கு வர்ற பறவைகள் பயந்து பறந்துடக் கூடாதுன்னு பல பத்தாண்டுகளா தீபாவளிக்குப் பட்டாசே வெடிக்கிறதில்லை. வனத்துறை அந்த ஊருக்கு இனிப்பு கொடுத்து நன்றி சொல்லுது. அங்கே வழக்கும் இல்லை, அபராதமும் இல்லை. ஊரே கூடி எடுத்த முடிவு. வலசை வர்ற கொக்குக்காக ஒரு கிராமம் முழுசா விட்டுக் கொடுக்குது. நம்ம தெருவுல பிறந்து நாப்பது நாள் ஆன பிள்ளைக்காக நாம ராத்திரி எட்டு மணியோட நிறுத்த மாட்டோமா?

காலையில் ஒரு மணி நேரம், ராத்திரி ஒரு மணி நேரம். பசுமைப் பட்டாசு முத்திரை பார்த்து, பில் கொடுக்கிற கடையில் வாங்குங்க. மைதானம் திறந்தா அங்கே வாங்க, எல்லாரும் சேர்ந்து வெடிப்போம். திறக்கலைன்னா, ஏன் திறக்கலைன்னு கேட்க மறுநாள் மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கு வாங்க. அங்கேயும் சேர்ந்தே போவோம்.

எல்லாருக்கும் முன்கூட்டியே தீபாவளி வாழ்த்துகள்.