உளுத்த உத்திரமும் அண்டை வீட்டுச் சுவரும்
(இலுப்பூர் ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

நம் முன்னோர் கட்டிய மெத்தை வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பவை. உத்திரங்களின் மேல் குறுக்குக் கட்டைகளைப் பரப்பி, செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து இட்டுத் தளம் போட்டார்கள். அந்தக் கட்டைகள் நடுவில் உளுப்பது அரிது. சுவருக்குள் புதைந்த முனைதான் முதலில் இற்றுப்போகிறது. கைப்பிடிச் சுவரின் ஓரத்தில் கசியும் மழைநீர் அங்கே இறங்குகிறது; காற்றுப் புகாததால் ஈரம் உலர்வதில்லை. மரத்தின் ஈரம் நூற்றுக்கு 20 பங்கைத் தாண்டி நீடித்தால் பூஞ்சணம் பற்றும். கரையானும் கூடவே வரும். கசிவை அடைக்கிறோம் என்று மேலே சிமெண்டைப் பூசுவோர் பலர். சிமெண்டு வெடித்துத் தண்ணீரை உள்ளே விடும், வெளியே விடாது.

முனையைக் கோணூசியால் குத்திப் பாருங்கள். ஊசி எளிதாக இறங்கினால் அந்த அறையில் யாரும் உறங்க வேண்டாம். முதலில் முட்டுக் கொடுத்துப் பளுவைத் தாங்கிக்கொள்ள வேண்டும். நடுமரம் வைரமாக இருந்தால், கெட்ட முனையை மட்டும் அறுத்துவிட்டு, இருபுறமும் இரும்புப் பட்டை வைத்துப் போல்ட்டு முடுக்கிப் புதுத் துண்டை இணைக்கலாம். பட்டையின் கனத்தையும் நீளத்தையும் பொறியாளரே கணக்கிட வேண்டும். மரம் முழுதும் கெட்டிருந்தால் மாற்றுவதே வழி. இடித்த வீடுகளின் பழந்தேக்கு காரைக்குடியில் கிடைக்கிறது. பச்சை மரத்தைவிட அது நன்று. புது முனைக்கு மருந்து பூசி, சுற்றிலும் சிறிது காற்றிடைவெளி விட்டு அமர்த்த வேண்டும். கசிவை அடைக்காமல் மரத்தை மட்டும் மாற்றினால் செலவு வீண்.

இனித்தான் சிக்கல். முனை அமர்ந்திருப்பது பெரும்பாலும் பொதுச்சுவரில். அண்டை வீட்டார் இசையாவிட்டால் கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். இரண்டு மூன்று மழைக்காலம் பேச்சிலேயே கழிய, கூரை தொங்கிக்கொண்டிருக்கும். அதன் கீழே குழந்தைகள் இருப்பார்கள்.

தம் சுவரில் மரத்தைப் பொருத்துவதை அண்டை வீட்டாருக்கு மறுக்கலாகாது என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள்; புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது பதிவாகியுள்ளது. கேட்டோர் தயங்கியதைக் கண்டு அவர்கள் கடிந்தும் கொண்டார்கள். அன்றும் தயக்கம் இருந்திருக்கிறது! இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்கள் இதைக் கடமை என்றார்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்), இமாம் மாலிக் (ரஹ்) ஆகியோர் விரும்பத்தக்கது என்றார்கள். சுவருக்குத் தீங்கு நேரக்கூடாது என்பதில் கருத்து வேறுபாடில்லை.

ஆகவே பழுது பார்ப்பவர், அண்டை வீட்டாரின் பூச்சு பெயர்ந்தால் தம் செலவில் பூசித் தருவதாக முன்பே எழுதிக் கொடுக்கட்டும். சம்மதிப்பவரும் அதை எழுத்தில் தரட்டும். இருவருக்கும் பொதுவான பெரியவர் ஒருவர் சுவரை வேலைக்கு முன்னும் பின்னும் பார்த்துவிடட்டும். ஐப்பசி மழை தொடங்குமுன் முடிக்க வேண்டுமெனில் ஆடியிலேயே இந்தப் பேச்சைத் தொடங்கிவிட வேண்டும்.