அந்த ‘டா’



ஆய்வேடு எழுதி மண்டை காயும் இரவுகளில் நான் லூப்பில் போட்டுக் கேட்பது ஒரே பாட்டுதான். இன்குலாப் எழுதி கே.ஏ. குணசேகரன் பாடிய ‘மனுசங்கடா’. கோபமான பாட்டு எப்படி ஆறுதல் தரும் என்று நண்பர்கள் கேட்கிறார்கள்.

கேட்கக் கேட்க என் காது அந்த ‘டா’விலேயே நின்றுவிட்டது. காஞ்சிபுரத்தில் கூலிக்குத் தறி நெய்த என் தாத்தாவை, அறுபது வயதில், முதலாளி வீட்டுப் பையன் கூப்பிட்ட அதே ‘டா’. பாட்டு அதை அப்படியே திருப்பிக் கொடுக்கிறது. ‘மனிதர்கள் ஐயா’ என்றிருந்தால் அது மனு. அப்புறம் அந்த ‘நாங்க’. ‘நாம’ இல்லை. எதிரில் நிற்பவனை அது சேர்த்துக்கொள்ளவில்லை. முதலில் நீ ஒத்துக்கொள், சேருவதைப் பிறகு பார்க்கலாம். ஆனால், கீழக்கரை இஸ்லாமியக் குடும்பத்தில் பிறந்த இன்குலாப் தானாகவே அந்த ‘நாங்க’வுக்குள் வந்து நின்றுகொண்டார்.

வரதராஜப் பெருமாள் கோயிலில் பிரபந்தம் யார் சேவிப்பது என்று வடகலையும் தென்கலையும் தலைமுறைகளாக வழக்காடும் ஊர் இது. (அந்தச் சண்டையில்கூட நமக்கு இடமில்லை.) குழித்தறியில் உட்கார்ந்தபடி செல்போனில் இந்தப் பாட்டைப் போட யார் உத்தரவும் வேண்டாம்.

2016 ஜனவரியில் குணசேகரன் போனார், டிசம்பரில் இன்குலாப். மறு ஆண்டு அறிவிக்கப்பட்ட சாகித்திய அகாதமி விருதை இன்குலாப் குடும்பம் வேண்டாமென்றது.

இப்போது பாட்டைப் போடுகிறேன். ‘டா’ வரும் இடத்தில் காதைக் கொடுங்கள்.