யாருடைய காணியில் தங்குகிறோம்?



டிசம்பர் லீவுக்கு இஞ்ச கிளென் வேவர்லியில இருந்து கனபேர் ஊருக்குப் போவீங்கள். தங்க இடம் பார்க்க முன்னம் இதைக் கேளுங்கோ.

சுற்றுலா முகாமைத்துவம் படிப்பவர்களுக்கு நிலைத்த விருந்தோம்பல் என்றால் மூன்று தூண்கள்: சூழல், உள்ளூர்ப் பொருளாதாரம், ஊர்ச் சமூகம். நடைமுறையில தண்ணீர், கரண்ட், துவாய்க் கணக்கோட கதை முடிஞ்சிடும்.

காங்கேசன்துறையைப் பாருங்கோ. 1990இல் வலிகாமம் வடக்குச் சனம் இடம்பெயர்ந்தது. அவர்களின் நிலம் உயர் பாதுகாப்பு வலயமானது. அந்தக் கடற்கரையில்தான் இராணுவம் 'தல்செவன' விடுதியை நடத்துகிறது. 2009இல் போர் முடிந்த பிறகும் காணிக்காரர் பலர் வருசக்கணக்காய் முகாம்களில் கிடந்தார்கள். அரச சம்பளம் வாங்கும் சிப்பாய்களை வைத்து நடத்தும் விடுதியோடு, ஊரில ஒரு குடும்பம் நடத்தும் விருந்தினர் இல்லம் எப்படிப் போட்டி போடும்?

கூரையில சோலார் பூட்டினாலும் பறித்த காணி பறித்த காணிதான். நல்ல முகாமைத்துவம் காணி உறுதியில் இருந்து தொடங்க வேணும்.

ஆகவே மூன்று கேள்வி: காணி யாருடையது? சம்பளம் ஊரவருக்கா? மீனும் மரக்கறியும் யாரிட்ட வாங்கினது? பதில் கிடைத்த பிறகு காசைக் கட்டுங்கோ.