கதை எழுதப் பட்டணம் வரவேண்டுமா?

வெளியூரில் என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர், அண்மையில் குமணன்சாவடியிலுள்ள என் இல்லத்துக்கு வந்திருந்தார். தாயையும் இரு குழந்தைகளையும் காப்பவர். "திரைக்கதை எழுத ஆசை, வேலையை விட்டுச் சென்னைக்கே வந்துவிடலாமா, ஐயா?" என்று வினவினார்.

"எழுதி முடித்த கதை உண்டா, தம்பி?" என்றேன்.

"வந்தபின் எழுதலாம்" என்றார்.

கலைஞர் மு. கருணாநிதி 'ராஜகுமாரி'க்கு (1947) வசனம் எழுதியது கோவையில். 'மந்திரி குமாரி' (1950) சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் எடுத்த படம். அது முன்னரே அவர் எழுதிவைத்திருந்த நாடகம். ஏவி.எம். ஸ்டூடியோவும் 1948-இல் காரைக்குடியிலிருந்து சென்னைக்கு வந்ததேயாகும். தொழில் இடம் மாறும்; கையிலுள்ள எழுத்தே உடன்வரும்.

ஆயினும் இயக்குநரைக் காணவும், கதை விவாதத்தில் அமரவும் நேரில் வருதல் வேண்டும். ஆதலின், "ஒரு கதையை ஊரிலேயே முடி, விடுமுறையில் வந்து நால்வரிடம் படித்துக் காட்டு, அழைப்பு வந்தால், ஓராண்டுச் செலவுக்குப் பொருள் சேர்த்துக்கொண்டு குடிபெயர்" என்றேன். குமண வள்ளலை நாடிய புலவர்களும் பாடலோடுதானே சென்றனர்?

அவர் வேலையை விடாமலே ஊர் திரும்பினார். கதை வருமென்று காத்திருக்கிறேன்.