பூட்டும் பாட்டும்

 

பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டத்தில் கவிதை பற்றிப் பேசப் பணித்தீர்கள். ஒரு வழக்கின் நடுவே பிறந்த கவிதையைப் பற்றிப் பேச விழைகிறேன்.

1990களின் பிற்பகுதியில் திரைப்படங்கள் டி.வி.டி. வட்டுகளாக வெளிவரத் தொடங்கின. ஒலிநாடாவில் படிக்குப் படி தெளிவு மங்கும். எண்முறைப் பதிவிலோ நூறாவது படியும் முதற்படியைப் போலவே இருக்கும். இதற்கு அஞ்சிய ஹாலிவுட் நிறுவனங்கள், உரிமம் பெற்ற கருவிகள் மட்டுமே திறக்கக்கூடிய ஒரு பூட்டை வட்டுக்குள் வைத்தன. அத்தகைய பூட்டை உடைக்கும் கருவிகளைப் பரப்புவதை 1998-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் தடை செய்தது.

1999-இல் நார்வே நாட்டின் யோன் யோஹான்சன் என்னும் 15 வயதுச் சிறுவர், வேறு இருவரோடு சேர்ந்து அப்பூட்டைத் திறக்கும் சிறு நிரலொன்றை வெளியிட்டார். விலை கொடுத்து வாங்கிய வட்டை லினக்ஸ் கணினியில் காண வேறு வழியில்லை என்பது அவர் தரப்பு. அந்நிரலை வெளியிட்ட ‘2600’ என்னும் இதழின்மீது எட்டுப் பட நிறுவனங்கள் 2000-இல் நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தன.

கணினி நிரல் பேச்சா, கருவியா? இதுவே அவ்வழக்கில் எழுந்த வினா. நிரலும் எழுத்தே என்று டேவிட் டூரெட்ஸ்கி என்னும் கணினியியல் அறிஞர் சாட்சியம் அளித்தார். சிலர் அந்நிரலைச் சட்டையில் அச்சிட்டனர். சிலர் இசையமைத்துப் பாடினர். 2001-இல் சேத் ஷோன் என்பவர் பூட்டைத் திறக்கும் முறை முழுவதையும் 400-க்கும் மேற்பட்ட ஹைக்கூக்களாக யாத்தார். கணக்கதிகாரம் கண்ட நமக்கு இது வியப்பன்று. கணக்கையும் மருத்துவத்தையும் செய்யுளில் வைத்துக் காத்த மரபல்லவா நம்முடையது!

நிரலும் பேச்சே என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2001-இல் ஒப்புக்கொண்டது. ஆயினும், அது செய்யும் வேலையைக் கருதித் தடுக்கலாம் என்று கூறித் தடையை நிலைநிறுத்தியது. நார்வேயில் குற்றஞ்சாட்டப்பட்ட யோஹான்சனோ 2003-இல் விடுதலையானார்.

திருட்டுப் படிகளுக்கு நான் பரிந்து பேசவில்லை. படைப்பவன் உழைப்புக்குப் பயன் வேண்டும். இந்த அவையில் அதை அறியாதார் இலர். ஆனால் பூட்டுக்குத் திருடனும் தெரியாது, வாசகனும் தெரியாது. காப்புரிமைக் காலம் முடிந்த பின்னும் அது தானே திறந்துகொள்ளாது. 2012-இல் திருத்தப்பெற்ற நம் நாட்டுச் சட்டம், பூட்டைத் திறந்தவர் உரிமையை மீறும் நோக்கம் கொண்டிருந்தாரா என்று கேட்கிறது. அதுவே முறையான கேள்வி என்பேன்.

ஏடு பெயர்த்து எழுதியோர் இல்லையேல் சங்கப் பாடல்கள் நம்மை எட்டியிரா. ஆகவே, உங்கள் நூல்களை மின்னூலாக்க ஒப்பந்தத்தில் கையொப்பமிடும்போது ஒன்றைக் கேளுங்கள்: பதிப்பகம் மறைந்தபின் இந்தப் பூட்டின் சாவி யாரிடம் இருக்கும்? நூலகத்துக்கு ஒரு திறந்த படி கிடைக்குமா? விடை வராவிடில் கையொப்பம் சற்றே காத்திருக்கட்டும்.

வட்டம் நூறாண்டு காண வாழ்த்தி அமைகிறேன்.