பந்து உருளும் தரை

உடன்குடிக்காரர்களுக்குத் தேரி மணலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அதில் பந்தை உருட்டிவிட்டால் நாலடி போய்ப் புதைந்து நிற்கும். இதே தூத்துக்குடி மாவட்டத்தின் வடக்கே கோவில்பட்டி. அங்கே கரிசல், கோடையில் இறுகிக் கெட்டிப்படும் மண். அந்த ஊரில் ஹாக்கி தலைமுறை தலைமுறையாக ஆடப்படுகிறது. ஓர் ஆட்டத்தை எடைபோட, அது நடக்கும் தரையை முதலில் பார்க்க வேண்டும். இந்திய ஹாக்கி அணியின் உலகப் பயணத்தையும் இன்று தரையிலிருந்தே பார்ப்போம்.

ஹாக்கி மட்டைக்கு ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. உருண்டைப் பக்கத்தால் பந்தைத் தொடக் கூடாது. ஆகவே பந்தை வலமும் இடமும் கொண்டுபோக, மணிக்கட்டைச் சுழற்றி மட்டையைப் புரட்டிக்கொண்டே ஓட வேண்டும். புல்தரையில் பந்து சொன்னபடி வராது. மேட்டில் துள்ளும், பள்ளத்தில் விலகும். வந்த பந்தை வாங்கி அடக்குவதே பாதி வித்தை. அந்த வித்தையில் நம்மவர்களுக்கு நிகரில்லை.

1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்தியா 29 கோல் அடித்தது, ஒன்றுகூட வாங்கவில்லை. அந்த 29இல் 14 தியான் சந்த் அடித்தவை. அதிலிருந்து 1956 மெல்போர்ன் வரை வரிசையாக ஆறு தங்கம். சுதந்திரம் பெற்ற மறுவருடம், லண்டனிலேயே பிரிட்டனை 4-0 என்று தோற்கடித்ததும் அவற்றில் ஒன்று.

1975இல் கோலாலம்பூரில் பாகிஸ்தானை 2-1 என்று வென்று உலகக் கோப்பையைத் தூக்கினோம். மறுவருடம் மான்ட்ரியலில் ஒலிம்பிக் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைப் புல்தரைக்கு மாறியது. இரண்டு முறையும் அணித்தலைவர் அஜித்பால் சிங்தான். ஆனால் ஆஸ்திரேலியாவிடம் 1-6 என்று தோற்று, கடைசியில் ஏழாம் இடம். புதிய தரையில் பந்து துள்ளாமல் வழுக்கிக்கொண்டு பறந்தது. அடக்கி ஆடுவதற்கு முன், வேகமாக ஓடி ஓங்கி அடிப்பவர்கள் முந்திக்கொண்டார்கள்.

1980இல் மாஸ்கோவில் தமிழகத்தின் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் ஸ்பெயினை 4-3 என்று வென்று மீண்டும் தங்கம் வாங்கினோம். பல நாடுகள் புறக்கணித்த போட்டி அது என்பதையும் மறைக்க வேண்டாம். பிறகு நீண்ட வறட்சி. 2008இல் ஒலிம்பிக்குக்குத் தகுதியே பெறவில்லை.

தரைதான் நம்மைக் கெடுத்தது என்று சொல்லிவிடலாமா? நம்மைப் போலவே புல்லில் வளர்ந்த பாகிஸ்தான் 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸில் செயற்கைத் தரையிலேயே தங்கம் வென்றது. தரை மாறியது எல்லாருக்கும்தான். ஆனால் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் மண்ணில் பழகி, பெரியவர்களான பிறகே அந்தத் தரையை மிதித்தார்கள். கால் பழகாத இடத்தில் கை என்ன செய்யும்?

டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மனியை 5-4 என்று வென்று 41 ஆண்டுக்குப் பின் ஒரு பதக்கம், வெண்கலம், வந்தது. 2024இல் பாரிஸில் மறுபடி வெண்கலம். அங்கே ஆஸ்திரேலியாவை 3-2 என்று வென்றதும் சிறிய காரியமல்ல. ஒலிம்பிக்கில் அவர்களை வீழ்த்தி 52 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இன்று கோவில்பட்டியிலும் செயற்கைப் புல்தரை மைதானம் இருக்கிறது. அந்த ஊர் மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூரிலிருந்து அங்கே வந்து பயின்ற கார்த்தியும் 2022இல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார்கள். அணி வெண்கலத்தோடு திரும்பியது.

அடுத்த முறை இந்திய அணி ஆடும்போது கோலை மட்டும் எண்ணாதீர்கள். சீறி வரும் பந்தை ஆட்டக்காரர் மட்டையில் எப்படி வாங்குகிறார் என்று கவனியுங்கள். நின்று அடக்க இப்போது நேரமில்லை. வாங்கும்போதே எதிராளியைத் தாண்டித் திருப்பிவிட வேண்டும். பழைய புல்தரையின் மணிக்கட்டு வித்தை அந்த ஒரு நொடியில் இன்னும் உயிரோடு இருக்கிறது.